படம் மட்டும் போதாது

மேல்மலையனூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் வானியல் பற்றிப் பேசப் போனால் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “கருந்துளையை போட்டோவே எடுத்துட்டாங்களே சார், இன்னும் என்ன சார் சந்தேகம்?” நியாயமான கேள்விதான். 2019 ஏப்ரல் 10 அன்று வெளியான அந்த ஆரஞ்சு நிற வளையம் செய்தித்தாள், யூடியூப், வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் ‘கருந்துளையின் புகைப்படம்’ என்றே வலம்வருகிறது. ஒளியே வெளிவராத பொருளைப் படம்பிடித்தது எப்படி என்று கேட்கத் தொடங்கும் பிள்ளையும் அந்தப் படத்தைக் காட்டியதும் அடங்கிவிடுகிறது. கருந்துளையைத் தேட வானியலாளர்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கையாண்டுவரும் வழிகள் பல. எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது. எதற்கு எவ்வளவு எடை என்று பார்க்காமல் ‘நிரூபித்தாகிவிட்டது’ என்று முடிப்பதும் தவறு. ‘எல்லாம் வெறும் யூகம்’ என்று ஒதுக்குவதும் தவறு. இரண்டையும் தமிழில் நிறையவே படிக்கிறோம்.

எந்த அளவுகோலை வைத்து எடைபோடுவது? அதற்கு நம் பக்கத்திலேயே நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. அமாவாசை இரவென்றால் மேல்மலையனூரில் பேருந்து பேருந்தாகக் கூட்டம் இறங்கும். நடுநிசியில் அங்காளம்மனுக்கு ஊஞ்சல் உற்சவம். வடமேற்கே சவ்வாது மலையில், ஆலங்காயத்துக்கு அப்பால் உள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்துக்கும் அமாவாசையை ஒட்டிய இரவுகள்தான் முக்கியம். நிலவொளி இல்லாதபோதுதான் மங்கலான பொருள்கள் தொலைநோக்கியில் அகப்படும். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனின் குறுக்கே கடக்க இருந்தது. காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அதைப் பதிவுசெய்துகொண்டிருந்தார்கள். கோள் அருகே வருவதற்கு முன்பே விண்மீனின் ஒளி சில நொடிகள் சட்டென்று மங்கி, மீண்டும் பழைய நிலைக்கு வந்தது. யுரேனஸுக்குப் புதியதொரு துணைக்கோள் இருக்கிறது என்று அவர்கள் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அதே நிகழ்வை இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்த விமானத் தொலைநோக்கியிலிருந்து பார்த்த ஜேம்ஸ் எலியட் குழுவுக்கு, கோளுக்கு முன்னும் பின்னுமாக ஒரே இடைவெளிகளில் மங்கல்கள் கிடைத்தன. துணைக்கோள்கள் அப்படி இரு பக்கமும் சமச்சீராக வந்து நிற்காது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது உறுதியானது.

காவலூர்ப் பதிவில் பிழை ஏதுமில்லை. அங்கே அகப்பட்டதும் வளையம்தான். ஆனால் ஒரே ஒரு மங்கலுக்குத் துணைக்கோளும் விளக்கம், வளையமும் விளக்கம். இரண்டில் ஒன்றை ஒழிக்கும் சக்தி அந்த ஒற்றைப் பதிவுக்கு இல்லை. கண்ணுக்குத் தெரியாத எதையும் தேடும் முறைக்கு இதுவே உரைகல் என்று கருதுகிறேன். படம் எவ்வளவு அழகு, கருவி எவ்வளவு பெரிது என்பதெல்லாம் பிறகு. இந்தச் சான்று எந்த மாற்று விளக்கத்தை ஒழிக்கிறது, எதை ஒழிக்காமல் விடுகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

கருந்துளை விஷயத்தில் முதல் மாற்று விளக்கங்களை ஒழித்தது தொலைநோக்கி அல்ல, கணக்கு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய எஸ். சந்திரசேகர், எரிந்து முடிந்த விண்மீன் வெண்குள்ளனாக நிலைத்து நிற்க நிறை வரம்பு உண்டு என்று கண்டார். இன்றைய கணக்கில் அது சூரியனைப்போல் 1.4 மடங்கு. 1935 ஜனவரியில் லண்டனில் வானியலாளர் எடிங்டன் அதை எல்லோர் முன்னிலையிலும் நிராகரித்த கதை பலருக்கும் தெரியும். வெண்குள்ளன் முடியாதென்றால் அடுத்த வாய்ப்பு நியூட்ரான் விண்மீன். அதற்கும் உச்சவரம்பு உண்டு. 1974இல் ரோட்ஸும் ருஃபினியும் அணுக்கரு இயற்பியலின் நுணுக்கங்களை முடிந்தவரை ஒதுக்கிவைத்து, பொதுச் சார்பியல் சரி, பொருளுக்குள் ஒலி ஒளியைவிட வேகமாகப் போகாது என்ற எடுகோள்களை முதன்மையாக வைத்து அந்த வரம்பு 3.2 சூரிய நிறை என்று காட்டினார்கள். நன்றாக அளக்கப்பட்ட நியூட்ரான் விண்மீன்களில் மிகவும் கனமானவை 2 சூரிய நிறையைச் சற்றே தாண்டுகின்றன. ஆகவே ஒளி வீசாத, செறிவான ஒரு பொருள் 3.2ஐத் தெளிவாகத் தாண்டினால் அறிந்த இயற்பியலில் அதற்குக் கருந்துளையைத் தவிர வேறு பெயர் இல்லை. இந்த வாதம் ஐன்ஸ்டைன் கோட்பாட்டின் மேல் நிற்கிறது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எனவே முதல் வேலை நிறையை அளப்பது. அளப்பதற்கு ஒரு துணை விண்மீன் வேண்டும். 1970 டிசம்பரில் கென்யக் கரையோரம் இருந்து ஏவப்பட்ட உகூரு செயற்கைக்கோள் எக்ஸ் கதிர் வானத்தை ஆராய்ந்தபோது, சிக்னஸ் விண்மீன் குழுவில் ஏற்கெனவே தெரிந்திருந்த சிக்னஸ் எக்ஸ்-1 நொடிக்கும் குறைவான இடைவெளியில் படபடப்பது தெரிந்தது. அவ்வளவு வேகமாகப் படபடக்க வேண்டுமானால் பொருள் மிகச் சிறியதாக இருக்க வேண்டும். அதே இடத்தில் தெரிந்த நீல நிறப் பெருவிண்மீன் 5.6 நாளுக்கு ஒருமுறை எதையோ சுற்றிவருவதை லூயிஸ் வெப்ஸ்டர், பால் முர்டின் இருவரும் இங்கிலாந்திலும், டாம் போல்டன் கனடாவிலும் தனித்தனியே கண்டறிந்தார்கள். எல்லாப் புத்தகங்களும் இதைத்தான் ‘முதல் கருந்துளை’ என்கின்றன.

இங்கே சற்று நின்று கணக்கைப் பார்ப்போம். விண்மீன் நம்மை நோக்கி வரும்போது அதன் நிறமாலைக் கோடுகள் நீலத்தின் பக்கம் நகரும். விலகும்போது சிவப்பின் பக்கம். அந்த வேகமும் சுற்றும் காலமும் தெரிந்தால் ஓர் எண் கிடைக்கும். மறைந்திருக்கும் பொருளின் நிறை அந்த எண்ணுக்குக் கீழே போகவே முடியாது. சுற்றுப்பாதை எந்தக் கோணத்தில் சாய்ந்திருந்தாலும், தெரியும் விண்மீனின் நிறை எதுவாக இருந்தாலும் இந்த அடிமட்டம் மாறாது. சிக்னஸ் எக்ஸ்-1க்கு இந்த எண் சூரிய நிறையில் கால் பங்குதான்! மீதமெல்லாம் நீல விண்மீனின் நிறை, தொலைவு, சாய்வு ஆகியவற்றை மதிப்பிட்டுச் சேர்த்தது. அதனால்தான் 2011இல் சுமார் 15 சூரிய நிறை என்று சொன்னவர்கள், 2021இல் தொலைவு 7,200 ஒளியாண்டு என்று திருத்தி அளந்தபின் 21 என்றார்கள். முடிவு கருந்துளை என்பதில் மாற்றமில்லை. ஆனால் இவ்வளவு புகழ்பெற்ற சான்றின் அடித்தளம் அவ்வளவு அகலமானதல்ல. சிக்னஸ் எக்ஸ்-1 கருந்துளை அல்ல என்று சக இயற்பியலாளர் கிப் தார்னிடம் பந்தயம் கட்டிய ஸ்டீபன் ஹாக்கிங் 1990இல்தான் தோல்வியை ஒப்புக்கொண்டார். அந்தத் தயக்கத்தில் அறிவியல் நியாயம் இருந்தது.

என் மதிப்பில் முதல் உறுதியான வழக்கு 1992இல் வந்தது. வி404 சிக்னி என்ற இரட்டையில் சிறிய விண்மீன் ஒன்று ஆறரை நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. ஹோர்ஹே கசாரஸ் குழு அளந்தபோது அந்த அடிமட்ட எண்ணே 6 சூரிய நிறைக்கு மேல் வந்தது. எந்த மதிப்பீட்டையும் சேர்க்காமல், எவ்வளவு கஞ்சத்தனமாகக் கணக்கிட்டாலும், நியூட்ரான் விண்மீன் வரம்பைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பொதுமக்களிடையே வி404 சிக்னியின் பெயர் தெரியாமல் போனது பெரிய குறை.

எக்ஸ் கதிரையே தனிச் சான்றாக எடுத்துக்கொண்டால் அதன் எடை குறைவு. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய அஸ்ட்ரோசாட், 2024 ஜனவரி 1 அன்று ஏவிய எக்ஸ்போசாட் இரண்டும் கருந்துளை இரட்டைகளை ஆராயும் திறன் கொண்டவை. இந்தியாவுக்குப் பெருமை சேர்ப்பவை. ஆனால் அவை பார்ப்பது கருந்துளையைச் சுற்றிச் சுழன்று விழும் வாயுத் தட்டை. நியூட்ரான் விண்மீனைச் சுற்றியும் அப்படித் தட்டு உண்டு, அதுவும் எக்ஸ் கதிர் வீசும். எங்கே தேடுவது என்று எக்ஸ் கதிர் கைகாட்டும். என்ன பொருள் என்று தீர்ப்புச் சொல்ல நிறை வேண்டும்.

நிறையளவும் ஏமாற்றக்கூடும். அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு துறை எவ்வளவு நம்பத்தக்கது என்பதை அதன் வெற்றிகளைவிட அது தன் தவறுகளைக் கையாளும் விதத்தில்தான் தெரிந்துகொள்ள முடியும். 2019 நவம்பரில் சீனாவின் லாமோஸ்ட் தொலைநோக்கியை வைத்து எல்பி-1 என்ற இரட்டையில் 70 சூரிய நிறைக் கருந்துளை இருப்பதாக ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்தது. நம் பால்வெளியில் ஒரு விண்மீன் இறந்து அவ்வளவு கனமான கருந்துளை உருவாக வழியே இல்லை என்பதால் பெரும் பரபரப்பு. ஆதாரம் என்ன? ஹைட்ரஜனின் சிவப்பு உமிழ்வுக் கோடு ஒன்று மிக மெதுவாக இப்படியும் அப்படியும் அசைந்தது. அந்தக் கோடு கருந்துளையைச் சுற்றிய வாயுவிலிருந்து வருகிறது, கருந்துளை மிகக் கனம் என்பதால்தான் கொஞ்சமாக அசைகிறது என்று கொண்டார்கள். சில வாரங்களிலேயே கரீம் எல்-பத்ரியும் எலியட் குவாட்டர்ட்டும் நிறமாலையை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். உமிழ்வுக் கோடு அசையவே இல்லை. கண்ணுக்குத் தெரியும் விண்மீனின் இருண்ட உறிஞ்சல் கோடு அதன்மேல் ஏறி இப்படியும் அப்படியும் நகர, உமிழ்வுக் கோட்டின் ஒரு பக்கம் மாறி மாறி அரிக்கப்பட்டு, அதுவே அசைவதுபோல் தோன்றியிருக்கிறது. 70 சூரிய நிறை காணாமல் போனது.

அடுத்தது 2020 மே மாதம். ஹெச்ஆர் 6819 என்ற விண்மீன் தொகுதியில் ஆயிரம் ஒளியாண்டு தொலைவில், பூமிக்கு மிக நெருக்கமான கருந்துளை இருப்பதாக ஐரோப்பியத் தெற்கு வானாய்வகம் அறிவித்தது. ஆடி முடிகிற வேளையில், நல்ல இருட்டில், நம் பக்கத்திலிருந்தும் தெற்கு அடிவானத்துக்கு மேலே தாழ்வாகத் தெரியக்கூடிய விண்மீன் அது. கண் கூர்மையானவர்கள் பார்க்கலாம். இரண்டு விண்மீன்கள், மறைந்திருக்கும் மூன்றாவதாக ஒரு கருந்துளை என்பது கூற்று. இல்லை, விண்மீன்கள் இரண்டே. ஒன்று தன் மேலுறையைத் துணையிடம் இழந்து மெலிந்துபோனது, அதனால்தான் கணக்கு குழம்புகிறது என்றது இன்னொரு குழு. இரண்டு குழுக்களும் சேர்ந்து, சிலியில் உள்ள பெரிய தொலைநோக்கிகளை இணைத்து மீண்டும் பார்த்தன. 2022இல் முடிவு வந்தது: அருகருகே இரண்டு விண்மீன்கள், கருந்துளை இல்லை. கூற்றை முன்வைத்தவர்களே அந்த மறுப்புக் கட்டுரையிலும் கையெழுத்திட்டார்கள். இந்த நாணயத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

அந்தத் தோல்விகளில் கற்றது வீண்போகவில்லை. பிறர் கூற்றுகளை உடைத்துக்கொண்டிருந்த எல்-பத்ரியே 2022இல் கையா பிஹெச்1 கருந்துளையை அறிவித்தார்: சுமார் 1,560 ஒளியாண்டு தொலைவு, 9.6 சூரிய நிறை, சூரியனை ஒத்த விண்மீன் 186 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. 2024 ஏப்ரலில் கையா பிஹெச்3 வந்தது. 33 சூரிய நிறை, 11.6 ஆண்டுச் சுற்று. கையா விண்கலம் விண்மீன் வானத்தில் இடவலமாகத் தள்ளாடுவதையே அளந்தது. அதனால் சுற்றுப்பாதையின் சாய்வை யூகிக்கத் தேவையில்லை. தரைத் தொலைநோக்கிகள் அளந்த வேகமும் அதோடு ஒத்துப்போகிறது. இரண்டு தனித்தனி வழிகள், ஒரே விடை. இந்தக் கருந்துளைகள் வாயுவை விழுங்கி ஆர்ப்பரிப்பதில்லை. பிஹெச்3இல் எக்ஸ் கதிரே தென்படவில்லை. துணை விண்மீனே இல்லாமல் தனியே அலையும் கருந்துளை ஒன்றையும் கைலாஷ் சாஹு குழு ஹப்பிள் தொலைநோக்கியால் கண்டது. பின்னணி விண்மீனின் ஒளியை அது வளைத்ததை வைத்துச் சுமார் 7 சூரிய நிறை என்றார்கள். வேறொரு குழு முதலில் அதை நியூட்ரான் விண்மீனாகவும் இருக்கலாம் என்ற அளவுக்குக் குறைத்து மதிப்பிட்டது. ஒற்றை நிகழ்வு, மறுபடி நடக்காது என்பதால் இந்த முறைக்குக் கையாவுக்குத் தருகிற எடையைத் தர மாட்டேன்.

அடுத்து பெரியவர்கள். ஆடி அமாவாசை இரவு ஒன்பது மணிவாக்கில் மேல்மலையனூரில் நின்று நேர் தெற்கே, அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவே பார்த்தால் அந்தத் திசையில்தான் நம் பால்வெளியின் மையம் இருக்கிறது. இடையில் தூசு, வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, அகச்சிவப்பில் தெரியும். ஜெர்மனியின் ரெய்ன்ஹார்ட் கென்செல் குழு சிலியிலிருந்தும், அமெரிக்காவின் ஆண்ட்ரியா கெஸ் குழு ஹவாயிலிருந்தும் 1990களிலிருந்து அங்கிருக்கும் விண்மீன்களைத் தொடர்ந்து பார்த்துவந்தன. எஸ்2 என்ற விண்மீன் 16 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கிறது. 2018 மே மாதம் மையத்துக்கு மிக அருகே, நொடிக்கு 7,600 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் பாய்ந்தது. கணக்குப்படி மையத்தில் 43 லட்சம் சூரிய நிறை. இரண்டு குழுக்களும் போட்டியாளர்கள், கருவிகள் வேறு, விடை ஒன்று. 2020இல் இருவருக்கும் நோபல் பரிசு தந்த குழு, அவர்களுக்கான பரிசுக் குறிப்பில் கருந்துளை என்று எழுதவில்லை. மீப்பெரும் நிறை கொண்ட செறிவான பொருள் என்றே எழுதியது.

அந்த எச்சரிக்கை சரியானது என்பேன். எஸ்2 மையத்தை நெருங்கிய குறைந்தபட்சத் தொலைவு சூரியனிலிருந்து நெப்டியூனுக்குள்ள தொலைவைப்போல் நான்கு மடங்கு. அது கருந்துளையின் நிகழ்வெல்லை (ஒளியும் மீளாத எல்லைக்கோடு) ஆரத்தைப்போல் ஏறத்தாழ 1,400 மடங்கு. அந்தப் பாதைக்குள் 43 லட்சம் சூரியன்கள் அடங்கியிருக்கின்றன என்று மட்டுமே எஸ்2 சொல்கிறது. இறந்த விண்மீன்களின் நெருக்கமான கூட்டமாக அது இருக்கலாமா? அவ்வளவு நெருக்கத்தில் கூட்டம் நிலைக்காது, சிதறிவிடும் அல்லது இடிந்து ஒன்றாகிவிடும். கூட்டம் என்ற விளக்கம் விழுந்தது; மேற்பரப்பு உள்ள ஏதோ விசித்திரப் பொருள் என்ற விளக்கம் இன்னும் விழவில்லை.

இப்போது அந்த ஆரஞ்சு வளையம். எம்87 விண்மீன் மண்டலம் ஐந்தரைக் கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. 2017 ஏப்ரலில் உலகெங்கும் ஆறு இடங்களில் எட்டு ரேடியோ தொலைநோக்கிகள் 1.3 மில்லிமீட்டர் அலைநீளத்தில் ஒரே நேரத்தில் பதிவுசெய்தன. பதிவுகளை வட்டுகளில் ஏற்றி விமானத்தில் கொண்டுபோய் இணைத்தார்கள். கிடைத்தது முழுப் படமல்ல, துண்டு துண்டான அளவீடுகள். இடைவெளிகளைக் கணினியால் நிரப்பித்தான் படம் உருவாகிறது. ஆரஞ்சு நிறமே மனிதர் தேர்ந்தெடுத்தது. இடைவெளி நிரப்பப்படுகிறது என்றால் நாம் எதிர்பார்ப்பதையே கணினி வரைந்துவிடாதா? குழுவுக்கே இந்த அச்சம் இருந்தது. அதனால் நான்கு அணிகளாகப் பிரிந்து, ஒருவரோடு ஒருவர் பேசாமல், தனித்தனியே படம் உருவாக்கினார்கள். நான்கிலும் வளையம் வந்தது. ஜப்பானின் மியோஷி குழு 2022இல் அதே தரவை மறுஆய்வு செய்து, வளையம் கணினி முறையின் விளைவாக இருக்கலாம் என்று எழுதியது. படத்தை வெளியிட்ட நிகழ்வெல்லைத் தொலைநோக்கிக் குழு மறுத்தது. ஆனால் வாதத்தைத் தீர்த்தது வாய்ப்பேச்சு அல்ல: கிரீன்லாந்துத் தொலைநோக்கியும் சேர்ந்த 2018ஆம் ஆண்டுத் தரவு 2024இல் வெளியானபோது அதே அளவு வளையம், பிரகாசமான இடம் மட்டும் சற்று நகர்ந்து. வாயு கொந்தளிப்பதால் பிரகாசம் நகரும், ஈர்ப்பு தீர்மானிக்கும் அளவு நகராது. வளையம் உண்மை என்று ஏற்கிறேன்.

அந்தப் படத்தின் உண்மையான பங்களிப்பு வேறொரு இடத்தில் இருக்கிறது. எம்87 மையப் பொருளின் நிறை விண்மீன்களின் ஓட்டத்தை வைத்து 600 கோடி சூரிய நிறைக்கு மேல் என்றும், வாயுவின் ஓட்டத்தை வைத்து 350 கோடி என்றும் இரண்டு கணக்குகள் மோதிக்கொண்டிருந்தன. பொதுச் சார்பியல் சரியென்றால் வளையத்தின் அளவு நிறையைப் பொறுத்தது. வளையத்திலிருந்து வந்த விடை 650 கோடி. விண்மீன் கணக்கு நின்றது, வாயுக் கணக்கு விழுந்தது. இது கண்ணுக்குக் குளிர்ச்சியான செய்தி அல்ல, ஆனால் அறிவியலில் இதுதான் சோதனை. அதே சமயம், வளையத்தின் நடுவில் தெரியும் இருட்டு நிகழ்வெல்லை அல்ல. ஒளி வளைந்து சுழன்று உள்ளே போகும் பகுதியின் நிழல் அது. விட்டத்தில் நிகழ்வெல்லையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அதே அளவுக்குச் செறிந்த, மேற்பரப்பு மங்கலாக உள்ள பொருளும் ஏறக்குறைய அதே நிழலைக் காட்டக்கூடும். பிள்ளைகள் நினைப்பதுபோல் எல்லைக்கோட்டை யாரும் படம்பிடிக்கவில்லை.

மேற்பரப்பு இல்லை என்பதைக் காட்ட ஒரு தமிழ்நாட்டுத் தொடர்புள்ள வாதம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பட்டம் பெற்று, ஹார்வர்டில் பணியாற்றும் ரமேஷ் நாராயண் 1990களில் சக ஆய்வாளர்களோடு முன்வைத்தது. வாயு மேற்பரப்பில் விழுந்தால் மோதிச் சூடாகி ஒளிவீசியே தீரும். நிகழ்வெல்லைக்குள் விழுந்தால் அந்த ஆற்றல் அப்படியே மறைந்துவிடும். இரட்டை விண்மீன்கள் அமைதியாக இருக்கும் காலத்தில் பார்த்தால், நிறை குறைந்த நியூட்ரான் விண்மீன் இரட்டைகளைவிட நிறை கூடிய பொருள்கள் பன்மடங்கு மங்கலாக இருக்கின்றன. மேலும் நியூட்ரான் விண்மீன் மேற்பரப்பில் சேரும் வாயு அவ்வப்போது அணுக்கரு வெடிப்பாகச் சில நொடிகள் எரிந்து அணையும். நிறை உறுதியான கருந்துளை எதிலும் அப்படி வெடிப்பு பதிவானதில்லை. இல்லாததை வைத்து வாதிடுவது எப்போதும் பலவீனம் என்பார்கள். இங்கே எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருந்தே தீர வேண்டியது பல பொருள்களில், பல ஆண்டுகள் தேடியும் இல்லை என்றால் அதற்கு எடை உண்டு. 2002இல் ஆப்ரமோவிச், க்ளுஸ்னியாக், லசோட்டா மூவரும் கடுமையான மறுப்பு எழுதினார்கள்: நிகழ்வெல்லைக்கு மயிரிழை வெளியே மேற்பரப்பு இருந்தால் அதன் ஒளி ஈர்ப்பால் நலிந்து நம்மை எட்டவே எட்டாது, ஆகவே நிகழ்வெல்லையைக் கண்டு நிரூபிப்பது கொள்கையளவிலேயே முடியாது. தர்க்கத்தில் அவர்கள் சரி. ஆனால் அந்த மயிரிழைப் பொருள் எதனால் ஆனது, ஏன் இடிந்துவிழாமல் நிற்கிறது என்பதற்கு அவர்கள் விடை தரவில்லை. விடை தராத மாற்று விளக்கத்துக்கு அரை எடைதான்.

ஈர்ப்பலைச் சான்று வேறு தரம். 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவில் ஹான்ஃபோர்டு, லிவிங்ஸ்டன் ஆகிய இரு இடங்களிலும் உள்ள லைகோ கருவிகள் 7 மில்லிநொடி இடைவெளியில் ஒரே அலையைப் பதிவுசெய்தன. 0.2 நொடிக்குள் அலையின் அதிர்வெண் நொடிக்கு 35இலிருந்து ஏறி 150ஐ எட்டியபோது உச்சம் தொட்டது. அலை 150 என்றால் சுற்று நொடிக்கு 75. அலையின் போக்கிலிருந்து மொத்த நிறை சூரியனைப்போல் 65 மடங்குக்கு மேல் என்று வருகிறது. இவ்வளவு நிறை நொடிக்கு 75 தடவை ஒன்றையொன்று சுற்ற வேண்டுமானால் இடைவெளி 350 கிலோமீட்டர்தான். சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் திருச்சி போகிற தூரம் அளவுக்கு. அதற்குள் இரண்டு பொருள்களும் முட்டாமல் சுற்றியிருக்கின்றன. நியூட்ரான் விண்மீன்களுக்கு அவ்வளவு நிறை கிடையாது. சாதாரண விண்மீன்களுக்கு அந்த இடம் போதாது. வாயு, தட்டு, ஒளி, தூசு எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. இடையில் நின்று குழப்ப எதுவுமே இல்லை என்பதுதான் இதன் பலம்.

மோதி ஒன்றானபின் என்ன நடக்கும் என்பதை 1970லேயே பெங்களூரைச் சேர்ந்த சி. வி. விஸ்வேஸ்வரா கணக்கிட்டிருந்தார். அடித்த கோயில் மணி தனக்கே உரிய சுதியில் ஒலித்துத் தேய்வதுபோல், கலங்கிய கருந்துளை தன் நிறையையும் சுழற்சியையும் மட்டுமே பொறுத்த சுதியில் அதிர்ந்து அடங்கும். 2016இல் முதல் அறிவிப்பு வந்தபோது அவர் உயிரோடு இருந்தார். 2017 ஜனவரியில் காலமானார். முதல் அலையில் அந்தத் தேய்வு மங்கலாகத்தான் கேட்டது. 2025 ஜனவரி 14 அன்று வந்த அலை மும்மடங்கு தெளிவு. முதன்மைச் சுதியோடு அதன் மேற்சுதியும் பிரிந்து தெரிந்தது; இரண்டும் ஒரே நிறைக்கும் ஒரே சுழற்சிக்கும் பொருந்தின. மோதலுக்கு முன் இரண்டின் நிகழ்வெல்லைப் பரப்பு சேர்ந்து 2,40,000 சதுர கிலோமீட்டர், பிறகு ஏறத்தாழ 4,00,000. பரப்பு குறையாது என்ற 1971ஆம் ஆண்டு ஹாக்கிங் கூற்று தேறியது. அலையின் ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியே கோட்பாட்டோடு ஒப்பிட்டுச் சோதிக்கும் வழியை வகுத்தவர்களில் இன்று சிறுசேரியில் உள்ள சென்னை மேத்தமேடிக்கல் இன்ஸ்டிட்யூட்டில் பணியாற்றும் கே. ஜி. அருணும் ஒருவர். இதுவரை எந்த உறுப்பும் பிசகவில்லை.

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு, அதை மறைக்கக் கூடாது. கார்தோசோ, ஃபிரான்சின், பானி மூவரும் 2016இல் காட்டியபடி, தேயும் ஒலியின் முதல் பகுதி நிகழ்வெல்லையிலிருந்து வருவதல்ல. ஒளி வட்டமடிக்கும் வளையப் பகுதியிலிருந்து வருவது. மேற்பரப்பு உள்ள பொருளாக இருந்தால் வித்தியாசம் பின்னால்தான் தெரியும், மெல்லிய எதிரொலிகளாக. அப்படி எதிரொலி கேட்டதாக ஒரு குழு எழுதியது. பிறர் தேடியதில் உறுதியாகவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இப்படி. நியூட்ரான் விண்மீன் வரம்பைத் தாண்டிய, செறிவான, இருண்ட பொருள்கள் உண்டு என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. இதற்கு முதல் சாட்சி ஈர்ப்பலை, அடுத்து வி404 சிக்னி, கையா பிஹெச்3 போன்ற நிறையளவுகள். அந்தப் பொருள்கள் ஐன்ஸ்டைன் கோட்பாடு சொல்லும் கருந்துளைகளாகவே நடந்துகொள்கின்றன என்பதற்கு 2025 ஜனவரி அலைதான் வலுவான சாட்சி. பால்வெளி மையத்துக்கு எஸ்2இன் பாதை உறுதி. எம்87 படம் அதற்கு அடுத்த வரிசை: நிறைக் கணக்கைச் சோதித்த அளவில் மதிப்புள்ளது, எல்லைக்கோட்டைக் காட்டியது என்ற அளவில் மிகைப்படுத்தப்பட்டது. எக்ஸ் கதிர் மட்டும் தனியே வந்தால் சாட்சிக் கூண்டில் ஏற்ற மாட்டேன், துப்புத் தருபவராக வைத்துக்கொள்வேன். நிகழ்வெல்லை? யாரும் அதைக் கண்டதில்லை. மேற்பரப்பு இருக்கக்கூடிய இடத்தை ஒவ்வொரு சான்றும் நெருக்கிக்கொண்டே போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தத் தீர்ப்பைப் புரட்டக்கூடியவை என்னென்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். 3.2 சூரிய நிறைக்கு மேல் உறுதியாக அளந்த பொருள் ஒன்றிலிருந்து ஓர் அணுக்கரு வெடிப்பு எக்ஸ் கதிரில் பதிவானால் மேற்பரப்பு இருக்கிறது என்று பொருள். பால்வெளி மையத்துப் பொருளிலிருந்து விழும் வாயுவின் கணக்குக்கு ஈடாக அகச்சிவப்பில் வெப்ப ஒளி வந்தாலும் அப்படியே. மோதலுக்குப் பிந்தைய அலையில், ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகளில், சீரான இடைவெளியில் எதிரொலி கேட்டாலும் அப்படியே. மூன்றாவதைத் தேடக் கருவிகள் கூடக்கூட நல்லது. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் அமையவிருக்கும் லைகோ-இந்தியாவுக்கு 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 2,600 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்தது. மலையனூர்ப் பிள்ளைகளில் யாராவது ஒருவர் அந்தத் தரவில் எதிரொலி தேடும் வேலைக்குப் போனால், அங்கே அவர் பார்க்கப்போவது ஆரஞ்சு வளையத்தை அல்ல, இரைச்சல் நிறைந்த ஒரு கோட்டை.